'எல்லாரும்தானே பெத்துக்கறாங்க' என்பவர்களுக்கு

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைப் பற்றி 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவில் பெதஸ்டாவில் இருக்கும் தேசிய மனநல நிறுவனத்தில் நடந்தது. கலந்துகொண்டவர்கள் மொத்தமே 16 பெண்கள். எட்டுப் பேருக்கு முன்பு ஒரு பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்து போயிருந்தது. மற்ற எட்டுப் பேருக்கு அப்படி வந்ததே இல்லை. ஆய்வு நடந்த சமயத்தில் எல்லாரும் நலமாக இருந்தார்கள், யாரும் கர்ப்பமாக இல்லை. முதலில் ஒரு மருந்து கொடுத்து அவர்களுடைய சூலகங்களின் சொந்த ஹார்மோன் சுரப்பை அடக்கினார்கள். பிறகு எட்டு வாரம் ஈஸ்ட்ரடயாலும் புரோஜெஸ்டிரோனும் அதிக அளவில் கொடுத்து உடம்பைக் கர்ப்பகாலம் போன்ற நிலைக்குக் கொண்டுபோனார்கள். அப்புறம், எப்போது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாமல், இரண்டையும் நிறுத்தினார்கள். பிரசவமானதும் உடம்பில் நடக்கும் அந்தத் திடீர் ஹார்மோன் வீழ்ச்சி மட்டும் தனியாக நடந்தது. குழந்தை இல்லை, வலி இல்லை, கண்விழித்த இரவுகள் இல்லை.

முன்பு மனச்சோர்வு வந்திருந்த எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு மனநிலை சரிந்தது. மற்ற எட்டுப் பேரில் ஒருவருக்குக்கூடச் சரியவில்லை.

நான் செவிலியர் படிப்பு மாணவிகளுக்கு உடலியங்கியல் நடத்துகிறேன். ஹார்மோன் பாடம் வரும்போதெல்லாம் இந்த ஆய்வைச் சொல்லாமல் விடுவதில்லை. பிள்ளை பெற்றவள் முகம் வாடி உட்கார்ந்திருந்தால் நம் வீடுகளில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "ஊர்ல எல்லாரும்தானே பெத்துக்கறாங்க, உனக்கு மட்டும் என்ன புதுசா?" கேட்பவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. ஆனால் அது ஒரு நல்ல கேள்வி என்றே எனக்குத் தோன்றுகிறது. எல்லாருக்கும் அதே ஹார்மோன்கள், அதே ஏற்றம், அதே இறக்கம். அப்படியிருக்க ஒருத்தி எழுந்து நடமாடுகிறாள், இன்னொருத்தி ஏன் சரிகிறாள்? அந்தக் கேள்விக்குப் பெதஸ்டாவில் பாதி விடை கிடைத்தது. ஹார்மோனின் அளவை ஆய்வாளர்களே கையில் வைத்திருந்தார்கள், இரண்டு குழுவுக்கும் ஒன்றாகவே கொடுத்தார்கள், ஒன்றாகவே நிறுத்தினார்கள். வேறுபட்டது அதை வாங்கிக்கொண்ட மூளைதான். மீதிப் பாதி விடையைத் தேடிப்போனால் நரம்புச் செல்களின் மேல் உட்கார்ந்துகொண்டு ரசாயனச் செய்திகளை வாங்கிக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகளிடம் போய்ச் சேருகிறோம்.

அதற்கு முன், மன அழுத்த ஹார்மோன் என்று பெயர் வாங்கிய கார்டிசாலைப் பற்றிக் கொஞ்சம். இணையத்தில் இப்போது எதற்கெடுத்தாலும் கார்டிசால்தான். முகம் உப்பினால் கார்டிசால், வயிறு போட்டால் கார்டிசால், அதைக் குறைக்க இந்தப் பொடி, அந்தக் கஷாயம். இப்படி அதை ஒரு விஷம் மாதிரிப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. காலையில் நாம் விழிக்கும் நேரத்தை ஒட்டி அது ரத்தத்தில் ஏறுவதால்தான் உடம்பு அன்றைய வேலைக்குத் தயாராகிறது. அட்ரீனல் சுரப்பி பழுதாகி அது சுரக்காமல் போனால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாயின் ரத்தத்தில் கார்டிசால் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும், அது நோயே இல்லை. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வுக்கு ஆளான பெண்களின் கார்டிசாலை அளந்து பார்த்த ஆய்வுகள் நிறைய உண்டு. சிலவற்றில் கூடுதலாக இருந்தது, சிலவற்றில் குறைவாக இருந்தது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் குழப்பம் தீராது. கார்டிசால் சுரக்கச் சொல்லும் உத்தரவு எங்கே பிறக்கிறது, அந்த உத்தரவை யார் அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

உத்தரவு பிறக்கும் இடம் ஹைபோதலாமஸ். மூளையின் அடிப்பகுதியில், நடுக்கோட்டை ஒட்டி இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு நரம்புச் செல் திரள் இருக்கிறது. அங்கே உள்ள சில செல்கள் சிஆர்எச் என்ற ஹார்மோனைத் தயாரிக்கின்றன. ஆபத்து என்று தெரிந்தால் அவை தூண்டப்பட்டு, சிஆர்எச்சை நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் விடுகின்றன. அது கீழே பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகிறது, பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற இன்னொரு ஹார்மோனை விடுகிறது, அது சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரீனலுக்குப் போகிறது, அட்ரீனல் கார்டிசாலைச் சுரக்கிறது. கார்டிசால் மூளைக்குத் திரும்பிப்போய், "போதும்" என்று அந்த முதல் செல்களை அடக்குகிறது. பாடப்புத்தகத்தில் இதை அம்புக்குறி போட்டு அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள்.

அந்த அரைப் பக்கத்துக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. 1936இல் மான்ட்ரியாலில் மெகில் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹான்ஸ் செல்யே, எலிகளுக்குச் சுரப்பிச் சாறுகளை ஊசி போட்டு ஒரு புது ஹார்மோனைத் தேடிக்கொண்டிருந்தார். எதைப் போட்டாலும் அதே மூன்று மாற்றங்கள்: அட்ரீனல் வீங்கியது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. குளிர், காயம், நஞ்சு என்று எந்தத் துன்பம் கொடுத்தாலும் அதேதான். புது ஹார்மோன் கிடைக்கவில்லை, மன அழுத்தத்துக்கு உடம்பு காட்டும் பொதுவான பதில் கிடைத்தது. அவரிடம் மான்ட்ரியாலில் படித்தவர் ரோஜர் கியெமின். ஹைபோதலாமஸிலிருந்து ஏதோ ஒன்று வந்து பிட்யூட்டரியைத் தூண்டுகிறது என்பதை 1955இல் காட்டியவர்களில் அவரும் ஒருவர். அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்று கண்டுபிடிக்க மேலும் 26 ஆண்டுகள் பிடித்தன. லட்சக்கணக்கான ஆடுகளின் ஹைபோதலாமஸைச் சேர்த்து அரைத்து, பிரித்து, 1981இல் சிஆர்எச்சின் 41 அமினோ அமிலங்களையும் வரிசைப்படுத்தியவர் வைலி வேல், கியெமினின் மாணவர். குரு, சிஷ்யர், சிஷ்யருக்குச் சிஷ்யர் என்று மூன்று தலைமுறை. செல்யே இந்தக் கதையில் இன்னொரு தடவை வருவார்.

சரி, சிஆர்எச் செல்களை அடக்கி வைப்பது யார்? கார்டிசால் அடக்குகிறது என்பது உண்மைதான், ஆனால் அது சுரந்து, ரத்தத்தில் கலந்து, திரும்பி வருவதற்கு நேரமாகும். நொடிக்கு நொடி அந்தச் செல்களை அமைதியாக வைத்திருப்பது காபா என்ற நரம்புக்கடத்தி, அதாவது ஒரு நரம்புச் செல்லிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கொண்டுபோகும் பொருள். ஹைபோதலாமஸில் உள்ள நரம்பிணைப்புகளில் ஏறக்குறைய பாதி காபாவுக்குரியவை. எலிகளில் அந்த இடத்தில் காபாவின் ஏற்பியை மட்டும் ஒரு மருந்தால் அடைத்துப் பார்த்திருக்கிறார்கள். எலியை யாரும் பயமுறுத்தவில்லை, வலிக்கச் செய்யவில்லை. ஆனாலும் மன அழுத்த ஹார்மோன் ஏறியது. அதாவது, அந்தச் செல்கள் தாமாகவே சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு கணமும் அவற்றைச் சும்மா இருக்கச் செய்ய வேண்டியிருக்கிறது. நாம் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் நேரத்திலும் அந்த வேலை நடந்துகொண்டே இருக்கிறது.

காபாவை வாங்கிக்கொள்ளும் காபா-ஏ ஏற்பி ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து நடுவில் ஒரு துளையோடு அமைந்தது. காபா வந்து ஒட்டியதும் துளை திறக்கும், குளோரைடு அயனிகள் அதன் வழியே பாயும். குளோரைடு எதிர்மின்னூட்டம் உடையது, ஆகவே செல்லுக்குள் அது புகுந்தால் செல் அடங்குகிறது. எல்லாப் புத்தகமும் இவ்வளவு சொல்லும். ஆனால் குளோரைடு ஏன் உள்ளே வர வேண்டும், ஏன் வெளியே போகக் கூடாது என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டுவிட்டால் அன்றைய பாடம் அங்கேயே நின்றுவிடும், நிற்கவும் வேண்டும். இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒரு மதகு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மதகைத் திறந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பது மதகைப் பொறுத்ததில்லை, இரண்டு பக்கத்து நீர்மட்டத்தைப் பொறுத்தது. குளோரைடும் அப்படித்தான். முதிர்ந்த நரம்புச் செல்லில் கேசிசி-2 என்று ஒரு புரதம், உள்ளே வரும் குளோரைடை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளே மட்டம் தாழ்வாக இருப்பதால் துளை திறந்ததும் குளோரைடு உள்ளே பாய்கிறது. கேசிசி-2 தளர்ந்துபோனால் உள்ளே குளோரைடு சேர்ந்துவிடும். அப்போது காபா வந்து அதே துளையைத் திறந்தாலும் பழைய அடக்குதல் நடக்காது. மட்டம் மிகவும் ஏறிவிட்டால் குளோரைடு வெளியே ஓடும், செல் அடங்குவதற்குப் பதில் தூண்டப்படும்.

கருவிலிருக்கும் மூளையில் இதுதான் இயல்பு. அங்கே கேசிசி-2 இன்னும் போதுமான அளவு வரவில்லை, காபா தூண்டும் கடத்தியாகவே வேலை செய்கிறது. எலிகளில் பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து வரும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன், குட்டியின் மூளையில் காபாவைக் கொஞ்ச நேரத்துக்கு அடக்கும் கடத்தியாக மாற்றுகிறது என்று 2006இல் ஓர் ஆய்வு காட்டியது. பிறப்பின் சிரமத்தைக் குட்டியின் மூளை தாங்கிக்கொள்ள அது உதவுகிறது. தாயின் கதையைச் சொல்ல வந்த இடத்தில் பிள்ளையின் கதை குறுக்கே வந்துவிட்டது, ஆனாலும் இதை எழுதாமல் போக மனம் வரவில்லை.

வளர்ந்த மூளையிலும் இந்தத் தலைகீழ் மாற்றம் நடக்கும் என்பதுதான் இங்கே முக்கியம். 2009இல் கனடாவின் கால்கரியில் ஜெய்தீப் பெய்ன்ஸின் ஆய்வுக்குழு ஒரு முடிவை வெளியிட்டது. எலியைக் கொஞ்ச நேரம் அசையவிடாமல் அடைத்து வைக்கிறார்கள். பிறகு சிஆர்எச் செல்கள் இருக்கும் இடத்தை எடுத்துப் பார்த்தால், அங்கே காபாவின் அடக்கும் திறன் சரிந்திருக்கிறது. ஏற்பி அப்படியே இருக்கிறது, காபாவும் வருகிறது. கேசிசி-2 தளர்ந்து குளோரைடு மட்டம் மாறிவிட்டது. அதைத் தளர்த்துவது வேறொரு நரம்புக்கடத்தி, நோரட்ரீனலின். மூளைத்தண்டிலிருந்து ஆபத்துச் செய்தியோடு வரும் நரம்புகள் அதைச் சிஆர்எச் செல்களின் மேல் விடுகின்றன, ஆல்ஃபா-1 என்ற அட்ரீனலின் ஏற்பி அதை வாங்கிக்கொள்கிறது, அதன் பின்விளைவாகக் காபாவின் பிடி தளர்கிறது. ஒரு கடத்தியின் ஏற்பி இன்னொரு கடத்தியின் பொருளையே மாற்றிவிடுகிறது. எத்தனை வருடம் பாடம் நடத்தினாலும் இந்த இடத்தில் எனக்கு வியப்பு குறைவதில்லை. ஆபத்து வேளையில் இது உடம்புக்கு நல்லதுதான், அடக்கி வைத்திருக்கும் செல்களை உடனே அவிழ்த்துவிட இது வேகமான வழி. மட்டம் பழைய நிலைக்குத் திரும்பாமல் போவதுதான் பிரச்சினை.

இனி செல்யே. 1941இல் அவர் வேறொன்றைக் கவனித்தார். எலிகளுக்குப் புரோஜெஸ்டிரோனை அதிக அளவில் ஊசி போட்டால் அவை மயங்கித் தூங்கிவிடுகின்றன. கருப்பைக்கு உரியது என்று எல்லாரும் நினைத்திருந்த ஹார்மோன், மூளையை மயக்குகிறது. மன அழுத்தத்தின் தந்தை என்று பெயர் வாங்கிய அதே ஆள், அதன் எதிர்முனையையும் அப்போதே கையில் தொட்டுவிட்டார். ஆனால் ஏன் என்று சொல்ல அன்றைக்கு யாருக்கும் வழி இல்லை, காபா மூளையில் இருப்பதே தெரியாத காலம் அது. விடை 1980களில்தான் வந்தது. புரோஜெஸ்டிரோன் மூளையில் உடைந்து அலோபிரெக்னனலோன் என்ற பொருளாகிறது. அது காபா-ஏ ஏற்பியில், காபா ஒட்டும் இடத்தில் ஒட்டாமல் வேறோர் இடத்தில் ஒட்டி, துளை திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டுகிறது. 1986இல் வெளியான ஆய்வில் அதைப் பார்பிட்டுரேட் மயக்கமருந்துகளுக்கு ஒப்பாகச் சொன்னார்கள். மூளையே தயாரித்துக்கொள்ளும் ஸ்டீராய்டு என்பதால் இவற்றுக்கு நியூரோஸ்டீராய்டு என்று பெயர்.

மன அழுத்தம் வந்தால் இந்த அமைதிப்படுத்தும் பொருள்களும் கூடவே ஏறுகின்றன. எலிகளை நீந்த விட்டுப் பார்த்த 1991 ஆய்வு அதைக் காட்டியது. கலக்கம் வரும்போதே அதைத் தணிக்கும் மருந்தையும் மூளை தயாரித்துவிடுகிறது என்று அப்போது புரிந்துகொண்டார்கள். அது சரிதான், பெரும்பாலான இடங்களில். ஆனால் சிஆர்எச் செல்களின் நிலைமை இப்போது நமக்குத் தெரியும். மன அழுத்தத்தில் அங்கே குளோரைடு மட்டம் மாறிவிட்டது. அந்த நேரத்தில் துளையை அதிகம் திறந்து வைக்கும் பொருள் வந்தால்? 2011இல் பாஸ்டனில் ஜேமி மக்வயரின் குழு இதைச் சோதித்தது. நியூரோஸ்டீராய்டு உருவாவதை ஒரு மருந்தால் தடுத்துவிட்டால், சுண்டெலிகளுக்கு மன அழுத்தம் கொடுத்தாலும் ஹார்மோன் வழக்கம்போல் ஏறவில்லை. அமைதிப்படுத்த வேண்டிய பொருளே அந்தக் குறிப்பிட்ட செல்களில், அந்தக் குறிப்பிட்ட வேளையில், தூண்டுகோலாகிறது. எந்தப் பொருள் என்பதைக் கேட்டால் மட்டும் போதாது, எந்தச் செல்லில், எந்த நிலையில் என்றும் கேட்க வேண்டும். இணையத்துக் கார்டிசால் பேச்சில் எனக்கு இருக்கும் மனக்குறையும் இதுதான்.

காபா-ஏ ஏற்பி ஒரே வகை இல்லை. மனிதரில் அதன் துண்டுகளுக்கு 19 மரபணுக்கள் இருக்கின்றன. எந்த ஐந்து சேருகின்றன என்பதைப் பொறுத்து ஏற்பியின் குணமும் அது உட்காரும் இடமும் மாறும். பதற்றத்தைத் தணிக்கும் டயஸெபாம் போன்ற மாத்திரைகள் காமா என்ற துண்டு உள்ள ஏற்பிகளில் ஒட்டுகின்றன. நியூரோஸ்டீராய்டுகளுக்கு மிக நன்றாக மசிவது டெல்டா என்ற துண்டு உள்ளவை. அவை பெரும்பாலும் நரம்பிணைப்புக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, சுற்றிலும் கசிந்து நிற்கும் கொஞ்சக் காபாவுக்கே திறந்து, விடாமல் ஒரு மெல்லிய அடக்குதலைத் தந்துகொண்டிருக்கும். சிஆர்எச் செல்களிலும் அவை உண்டு. பிரசவக் கதையின் மையம் இந்த டெல்டா ஏற்பிதான்.

கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் ஏறுகிறது, கூடவே அலோபிரெக்னனலோனும் ஏறுகிறது, கடைசி மூன்று மாதங்களில் உச்சத்தில் நிற்கிறது. அந்தக் காலத்தில் தாயின் மூளை மன அழுத்தத்துக்கு வழக்கம்போல் துள்ளுவதில்லை. எடின்பரோவில் ஜான் ரஸ்ஸல், பவுலா பிரன்டன் ஆகியோர் இதைச் சினை எலிகளில் பல வருடம் ஆராய்ந்தார்கள். காய்ச்சல் நேரத்தில் சுரக்கும் ஒரு பொருளைச் சாதாரண எலிக்குச் செலுத்தினால் மன அழுத்த ஹார்மோன் ஏறும். சினையின் பிற்பகுதியில் இருக்கும் எலிக்கு ஏறவில்லை. காரணத்தைத் தேடியபோது, அலோபிரெக்னனலோன் மூளைத்தண்டில் ஓபியாய்டுகளை, அதாவது மூளையே சுரக்கும் அபின் போன்ற பொருள்களை, தூண்டுகிறது, அந்த ஓபியாய்டுகள் நோரட்ரீனலின் விடுபடுவதைத் தடுக்கின்றன என்று தெரிந்தது. ஓபியாய்டு ஏற்பியை அடைக்கும் மருந்தைக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. மேலே கால்கரி ஆய்வில் பார்த்த நோரட்ரீனலின்தான் இங்கேயும். கதவைத் தட்ட வருபவரை வழியிலேயே நிறுத்திவிடுகிறது கர்ப்பிணியின் மூளை. உள்ளே வளரும் உயிரை அதிகமான ஹார்மோனிலிருந்து காக்க இயற்கை செய்துவைத்த ஏற்பாடு என்று இதைப் படிக்கும்போது மனசு நிறைகிறது.

மாதக்கணக்கில் அலோபிரெக்னனலோன் இவ்வளவு இருந்தால் மூளை மயங்கியே கிடக்க வேண்டுமே, ஏன் கிடப்பதில்லை? ஏற்பிகள் தம்மைக் குறைத்துக்கொள்கின்றன. சினைச் சுண்டெலிகளில் டெல்டா ஏற்பிகள் குறைவதையும், பிரசவமானதும் சீக்கிரமே பழைய அளவுக்குத் திரும்புவதையும் மக்வயரும் இஸ்த்வான் மோடியும் லாஸ் ஏஞ்சலிஸில் கண்டார்கள். பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோனின் முக்கிய ஊற்று போய்விடுகிறது, அலோபிரெக்னனலோன் சில நாள்களுக்குள் சரிகிறது. ஏற்பிகள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால்? 2008இல் அவர்கள் டெல்டா துண்டுக்கான மரபணு இல்லாத சுண்டெலிகளைப் பார்த்தார்கள். குட்டி போடுவதற்கு முன் அவற்றிடம் பெரிய குறை தெரியவில்லை. குட்டி போட்ட பிறகு தாய்கள் சோர்ந்தன, குட்டிகளைக் கவனிக்கவில்லை, கூடு சரியாகக் கட்டவில்லை, குட்டிகள் பல செத்தன, சிலவற்றைத் தாயே தின்றது. அந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் இருந்த சுண்டெலிகளும் இப்படி ஆயின. அவற்றுக்கு டெல்டா ஏற்பியைத் தூண்டும் மருந்தைக் கொடுத்தபோது நடத்தை மேம்பட்டது, அதிகக் குட்டிகள் பிழைத்தன.

வகுப்பில் இதைச் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். பெண்கள் படிக்கும் வகுப்பு, பாதிப் பேருக்காவது வீட்டில் அக்காவோ அண்ணியோ சமீபத்தில் பிள்ளை பெற்றிருப்பார்கள். சுண்டெலியிடம் கண்டதை மனுஷியிடம் அப்படியே கொண்டுவந்து ஒட்டக் கூடாது என்று உடனே சேர்த்துச் சொல்வேன். சுண்டெலிக்கு மாமியார் இல்லை, கடன் இல்லை, பெண் பிள்ளையா என்று முகம் சுளிக்கும் ஊர் இல்லை. ஆனால் அந்தத் தாய்ச் சுண்டெலியிடம் ஒழுக்கக்குறையும் இல்லை, பாசக்குறையும் இல்லை. அதனிடம் இல்லாதது ஒரு புரதத் துண்டு.

என் சித்தி மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்த சமயம் அவள் ஓர் இரவில் போன் செய்தாள். "அக்கா, குழந்தை நல்லாத் தூங்குது. எனக்குத்தான் தூக்கம் வரல. ஏதோ நடக்கப் போற மாதிரியே நெஞ்சு அடிச்சுக்குது." பால் கொடுக்கிறாயா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். அழுதாள். "அத்தை சொல்றாங்க, எல்லாரும்தானே பெத்துக்கறாங்கன்னு. எனக்கே அப்படித்தான் தோணுது, நான் மட்டும் ஏன் இப்படி இருக்கேன்?" பிள்ளை தூங்கும்போதும் தூங்க முடியாத தாய், ஆபத்து எதுவும் இல்லாதபோதும் அடங்க மறுக்கும் நெஞ்சு. அவளுடைய ஹைபோதலாமஸில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. "இது உன் தப்பில்லடி. டாக்டர்கிட்ட போலாம், நான் வரேன்" என்றேன். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அங்கிருந்த மருத்துவர் அவளுடைய மாமியாரை உட்கார வைத்துப் பேசினார், அதற்குப் பிறகு ராத்திரியில் ஒரு வேளை குழந்தையை அந்த அம்மாவே வாங்கி வைத்துக்கொண்டார். மாத்திரை உதவியதா, அந்தத் தூக்கம் உதவியதா என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஆசையில்லை. அவள் மீண்டு வந்தாள்.

அவளுக்குக் கொடுத்தது செரட்டோனின் என்ற நரம்புக்கடத்தி மூலம் வேலை செய்யும் வழக்கமான மாத்திரைதான், வருடக்கணக்காகப் பயன்பாட்டில் இருப்பது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள் மனச்சோர்வு நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரில் அலோபிரெக்னனலோனைக் கூட்டுகின்றன என்று 1998இல் ஓர் ஆய்வு வந்தது. செரட்டோனின் மருந்து என்று நாம் பெயர் வைத்ததற்குள் காபா ஏற்பியின் பங்கும் கொஞ்சம் ஒளிந்திருக்கலாம்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கென்றே, நேரடியாக அந்த ஏற்பியைக் குறிவைத்த முதல் மருந்து 2019 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்றது. பிரெக்ஸனலோன் என்பது பெயர், பொருள் அலோபிரெக்னனலோனேதான். செல்யே தன் எலிகள் தூங்குவதைப் பார்த்து 78 ஆண்டுகள் கழித்து. மருத்துவமனையில் படுத்து 60 மணி நேரம் ரத்தக் குழாய் வழியே ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது, மயக்கம் வந்துவிடாமல் முழு நேரமும் கண்காணிக்க வேண்டியிருந்தது. மருந்துக்கு மட்டும் 34,000 டாலர் விலை வைத்தார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டு எந்தத் தாய் இரண்டரை நாள் படுத்துக் கிடப்பாள், எத்தனை பேருக்கு அந்தப் பணம் இருக்கும்? 2023 ஆகஸ்டில் அதே வகையைச் சேர்ந்த ஜூரனலோன் மாத்திரையாகவே அனுமதி பெற்றது. மாலையில் ஒரு வேளை, 14 நாள். சாப்பிட்டு 12 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கையோடு. வழக்கமான மாத்திரைகள் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். இது சோதனைகளில் மூன்றாம் நாளிலேயே வித்தியாசம் காட்டியது, அந்த வேகம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிள்ளையோடு தனியாக இருக்கும் ஒருத்திக்கு மூன்று நாளும் மூன்று வாரமும் ஒன்றில்லை.

ஆனாலும் மருந்தோடு இந்தப் பேச்சை முடிக்க எனக்கு விருப்பமில்லை. வேலூர் சிஎம்சியைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் 359 கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து பார்த்து, 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 11 சதவீதம் பேருக்கு பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தால்: வருமானம் குறைந்த வீடு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிள்ளை பிறந்தது, மாமியாரோடோ பெற்றோரோடோ உறவு சரியில்லாதது, கர்ப்பகாலத்தில் வந்த துயரங்கள், உதவிக்கு ஆள் இல்லாதது. இந்தியா முழுவதும் நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்து 2017இல் கணக்கிட்டபோது 22 சதவீதம் என்று வந்தது. ஐந்தில் ஒருத்திக்கு மேல்.

வேலூர்ப் பட்டியலை நான் ஏற்பிக் கதையிலிருந்து தனியாகப் பார்ப்பதில்லை. பெண் பிள்ளையா என்று சுளித்த முகம், கண்விழித்த இரவு, கைமாற்று வாங்கிய பயம் எல்லாமே கடைசியில் நோரட்ரீனலினாக அந்தச் சிஆர்எச் செல்களிடம் போய்ச் சேரலாம், அதுவும் அவற்றின் ஏற்பிகள் பழைய நிலைக்குத் திரும்பத் திணறிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில். ஒரு பெண்ணின் ஏற்பிகளை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த வாரங்களில் அவள்மேல் எத்தனை சுமை விழுகிறது என்பதில் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பங்கிருக்கிறது.

யாருக்கு இது வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது. இருப்பது பத்துக் கேள்விகள். 1987இல் எடின்பரோவில் உருவான அளவுகோல், கடந்த ஏழு நாளைப் பற்றிக் கேட்கும், சில நிமிடங்களில் முடியும். வேலூரிலேயே சரிபார்க்கப்பட்ட தமிழ் வடிவம் இருக்கிறது. பத்தாவது கேள்வி, தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு 'ஆமாம்' என்று வந்தால் மற்ற ஒன்பதின் கூட்டலுக்குக் காத்திருக்கக் கூடாது.

குழந்தைக்கு 6, 10, 14ஆம் வாரங்களில் தடுப்பூசி. அந்த மூன்று நாளும் தாய் எப்படியும் சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். குழந்தையின் எடை பார்க்கிறோம், பால் குடிக்கிறதா என்று கேட்கிறோம், அட்டையில் எழுதுகிறோம். அந்த வரிசையிலேயே அவளைத் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, மாமியாரையும் கணவரையும் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பத்துக் கேள்விகளையும் கேட்கலாம். என் மாணவிகளில் பலர் நாளை அந்த ஊசி போடும் மேசையின் இந்தப் பக்கம் உட்காரப் போகிறவர்கள். அதனால் இந்த வருடத்திலிருந்து டெல்டா ஏற்பிப் பாடத்துக்கு அடுத்த வகுப்பில் அந்தப் பத்துக் கேள்விகளையும் ஒருவரிடம் ஒருவர் கேட்டுப் பழகச் சொல்கிறேன். பத்தாவதை மட்டும், கண்ணைப் பார்த்துக் கேட்கும் வரைக்கும், திரும்பத் திரும்ப.